அவ சொல்லட்டும்

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சம்சாரம், கட்டிலில். என் அக்கா, கால்மாட்டில். அக்காவின் மருமகன், வாசலில், வேன் சாவியைக் கையில் பிடித்தபடி. பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்துக் கோயில் பூசாரி, பாயில். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர். எல்லாரும் அவரை அப்பேக் என்றுதான் கூப்பிடுவோம். பிறகு நான். பிறகு, மூலையில் முக்காலி மேல், அந்த அம்மா.

அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. தன் பெயர் பேசப்படுவது அவருக்குப் பிடிக்காது. கெலுகோரில் யுனிவர்சிட்டியில் வேலை. டாக்டர் என்று கூப்பிட்டால், “நான் ஊசி போடுற டாக்டர் இல்லை” என்பார். ஒல்லி. நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் பேசுகிற தமிழைக் கேட்டால் என் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

நான் ஃபெரியில் கயிறு போடுகிறவன். அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவதுதான் வேலை. நாலாவது வரை படித்தேன். அதிகம் பேசமாட்டேன். அந்த அம்மாவும் அதிகம் பேசமாட்டார். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் அடுத்தவர் சொல்வதற்காகக் காத்திருப்பார்.

என் சம்சாரம் சந்தையில் தேங்காயும் கீரையும் விற்றவள். ஒரு நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஸ்ட்ரோக் என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. வாய் அசையும், சத்தம் வரும், சொல் வராது.

ஆஸ்பத்திரியில்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். பேச்சுப் போனவர்கள் யார் யார் என்று வார்டு வார்டாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் சம்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைத் தூக்கி எதையோ காட்டினாள்.

“தண்ணியா? தலகாணியா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“தண்ணிதான் கேக்குறா” என்றாள் அக்கா.

“அவ சொல்லட்டும்” என்றார் அந்த அம்மா.

நர்ஸுக்குக் கோபம். “அவங்களுக்குத்தான் பேச வராதே!”

“ஓம், தெரியும்” என்றார். எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல் எதுவும் வரவில்லை. போகும்போது என்னிடம் வீட்டு விலாசம் கேட்டார். பைத்தியக்காரப் பொம்பளை என்று நினைத்தேன்.

அதே வார்டில், அடுத்த படுக்கையில் ஒரு சீனக் கிழவி கிடந்தாள். என் சம்சாரம் வந்த அன்று ராத்திரியே அந்தக் கிழவி செத்துப்போனாள். இதை அக்கா ஞாபகம் வைத்திருந்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், கட்டிலில் இருந்து சம்சாரம் “சுய்” என்றாள். எங்கள் ஊர்ச் சீனர்கள் பேசுகிற ஹொக்கியனில் தண்ணீர். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு சொல். எல்லாம் ஹொக்கியன். தமிழில் அம்மா என்றுகூட வரவில்லை.

அவள் சந்தையில் ஹொக்கியன் பேசுவாள், எல்லாருக்கும் தெரியும். அவள் அம்மா ஒரு சீனர் வீட்டில் துணி துவைத்தவள். இவள் அந்த வீட்டுச் சமையலறையில் வளர்ந்தாள். அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அவள் ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. செருப்போடு அதையும் வெளியில் விட்டுவிட்டு வருவாள். இப்போது புருஷனிடம், சாமி படத்துக்கு எதிரில், ஹொக்கியன் மட்டும் பேசுகிறாள்.

அது சீனர்களின் பேய் மாதம். தெருக்கோடியில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆளுயரத்துக்கு ஊதுபத்தி புகைந்தது. அந்த மாதம் நரகத்துக் கதவு திறந்து பேயெல்லாம் ரோட்டில் திரியும் என்று தமிழர்களும் பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வெளியில் விடமாட்டார்கள்.

“தம்பி, ஒனக்குப் புரியலயா?” என்றாள் அக்கா. “அந்தக் கெழவிதான். செத்ததும் பக்கத்துல எது கிடைச்சுதோ அதுல ஏறிக்கிச்சு. இது உன் பொண்டாட்டி இல்லடா. அவ உள்ள இருக்காளோ இல்லையோ!”



பூசாரியைப் பார்த்துவிட்டு வந்து அக்கா சொன்னாள்: பத்து காவானில் கோயில் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். மூன்று நாள் சோறு கிடையாது, மருந்து கிடையாது. வேப்பிலை அடி. பேய் இறங்கிவிடும். மருந்தை நிறுத்தக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டிலில் கிடப்பது அவளா, வேறு யாராவதா என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கிடையில் அந்த அம்மா வாராவாரம் வந்துகொண்டிருந்தார். சின்னக் கார். பின் சீட்டு முழுக்கக் காகிதம். படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன என்று கேட்பார். முதலில் கொண்டுவந்த அட்டைகள் வெள்ளைக்கார நாட்டில் அச்சடித்தவை. ஒன்றில் பனியில் செய்த பொம்மை. இன்னொன்றில் என்னவென்றே தெரியாத ஒரு வாத்தியம். நான் எட்டிப் பார்த்தேன்.

“இது உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“எனக்கும் நேர்ல தெரியாது” என்று சிரித்தார். அடுத்த வாரம் அந்த அட்டைகள் வரவில்லை. சீப்பு, துடைப்பம், ரம்புத்தான் பழம், சைக்கிள், தேங்காய்த் துருவி என்று யாரையோ கொண்டு வரைய வைத்து எடுத்து வந்தார்.

ஒரு தடவை மருந்து வாங்கப் போகும்போது காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சூலியா தெருவில் ஒரு கடையில் சாப்பிட்டோம். அங்கே ஆர்டர் எடுக்கிற பையனுக்குத் திக்கும். “ம.. ம.. ம..” என்று தொடங்குவான். எல்லாரும் “மீன், மீன் குடுடா” என்று முடித்துவிடுவார்கள். அந்த அம்மா முடிக்கவில்லை. அவன் திக்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினான். பின்னால் வரிசை நீண்டது. ஒரு டாக்ஸிக்காரர் கத்தினார்.

“என்னம்மா, அவன் திக்குறான், நீங்க ஊமையா? சீக்கிரம் சொல்லுங்க லா, பசிக்குது!”

அந்த அம்மா திரும்பவில்லை. பையன் கடைசியில் சொன்னான், “ம.. மத்தி இருக்கு, கணவாய் இருக்கு, மீ.. மீன் தலை முடிஞ்சுது.”

“மத்தி” என்றார் அவர்.

பையன் தட்டு கொண்டுவந்தபோது நிமிர்ந்து நடந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வரிசையில் நின்றதற்கு. இவரோடு வெளியில் போகக்கூடாது என்றும் நினைத்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன், “பேச்சு போனவங்களத் தேடிப்போய்ப் பாக்குறதுதான் அம்மா வேலையா?”

“ஓம். ஒரு தலைக்குள்ள மூண்டு மொழி இருந்தா, அடிபட்டாப் பிறகு எது நிக்கும், எது போகும் எண்டு பாக்கிறன்.”

“அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?”

“தருகினம்.”

“நல்ல வேலை.”

அவர் சிரித்துப் புரைக்கேறி, தண்ணீர் குடித்தார். 

இனி அன்றைக்கு நடந்தது. அக்கா அந்த வெள்ளிக்கிழமைக்குப் பூசாரியை வரச்சொல்லிவிட்டாள். அது அந்த அம்மா வருகிற நாள் என்று அக்காவுக்குத் தெரியாது. முதலில் வந்தவர் அவர்தான். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு வேன் வந்தது. பூசாரி இறங்கினார். மற்ற நாளில் லாரி ஓட்டுகிறவர், நல்ல உடம்பு. சீனப் பேய் பேசினால் புரிய வேண்டுமே என்று அப்பேக்கை அக்காவே கூட்டிவந்தாள். அப்பேக்குக்குச் சந்தைத் தமிழ் வரும்.

பூசாரி தட்டில் கற்பூரம் கொளுத்தினார். வேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்தார்.

“யாரு நீ? எங்கேருந்து வந்தே? சொல்லு!”

என் சம்சாரம் வாயைத் திறந்தாள்.

“சொல்லாது சாமி” என்றாள் அக்கா. “கள்ளப் பேய் அது. அந்த ஆஸ்பத்திரிக் கெழவி...”

“அவ சொல்லட்டும்.”

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள்.

“நீங்க யாரும்மா?” என்றார் பூசாரி.

“நான் யுனிவர்சிட்டி. ஐயா, நீங்க கேளுங்கோ. நான் குறுக்க வரேல்லை. கேட்டாப் பிறகு கொஞ்சம் பொறுங்கோ. பதில் வரும்.”

“எவ்ளோ நேரம்?”

“வரும் வரைக்கும்.”

“கற்பூரம் அணஞ்சிடுமே?”

“இன்னொண்டு கொளுத்துவம்.”

பூசாரி யோசித்தார். பேய் ஓட்டுகிறவர்தானே, கேட்டால் பதில் வரவேண்டும் என்பது அவருக்கும் நியாயமாகப் பட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “யாரும் பேசாதீங்க” என்றார். அது அக்காவுக்கு.

கற்பூரம் அணைந்தது. இன்னொன்று கொளுத்தினார். மருமகன் சாவியை ஆட்டுவதை நிறுத்தினான். மின்விசிறி மட்டும் ஓடியது. என் சம்சாரம் பூசாரியைப் பார்த்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். நெற்றியில் வேர்த்தது. ஒரு சொல் சொன்னாள். நிறுத்தினாள். இன்னொன்று. நிறுத்தினாள். பிறகு அக்காவைப் பார்த்து வேகமாக இரண்டு.

“பாத்தீங்களா, பாத்தீங்களா! என்னைய முறைக்குது!” என்று அக்கா எழுந்துவிட்டாள்.

பூசாரி அப்பேக்கைப் பார்த்தார். அப்பேக் தலையைச் சொறிந்தார்.

“இது என்ன சொல்லுது, அவரு மேல கோவம் இல்ல, ஆனா...”

“அவ சொன்னதை மட்டும் சொல்லுங்கோ” என்றார் அந்த அம்மா. “நீங்க சேர்க்க வேண்டாம்.”

“ஓக்கே லா. ‘கால்’ சொல்லுது. அப்புறம் ‘பருப்பு’ சொல்லுது. அப்புறம் ‘துவாகோ’ சொல்லுது. வீட்டுக்காரரு அக்காவ நாங்க அப்படித்தான் கூப்பிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. அது நான் சொல்ல மாட்டேன்.”

பூசாரி என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வலது பெருவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. எனக்கு வாதக் கால். பருப்பு சேராது. இருபது வருஷமாக என் சம்சாரம் வீட்டில் சாம்பார் வைத்ததில்லை. அவள் படுத்த பிறகு சமையல் அக்கா கையில்.

“நீங்க பருப்பு போட்டீங்களாம்மா?” என்று பூசாரி அக்காவைக் கேட்டார்.

“சாம்பார் வச்சேன். ஆம்பள வேலைக்குப் போறவன், வெறும் ரசத்தையா ஊத்துறது?”

 பூசாரி வேப்பிலைக் கொத்தைப் பைக்குள் வைத்தார்.

“இது பேய் இல்லம்மா” என்றார். “இது சம்சாரம்.”

அப்பேக் முதலில் சிரித்தார். மருமகன் வெளியில் போய்ச் சிரித்தான். பூசாரியும் சிரித்தார். என் சம்சாரத்துக்கு வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அந்தப் பக்கம் சிரித்தது. அக்கா மட்டும், “என்ன கெட்ட வார்த்தை? என்ன சொன்னா என்னைய?” என்று அப்பேக்கை வாசல்வரை துரத்தினாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.  அவள்தான். உள்ளே இருக்கிறாள். கால் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி நாளிலிருந்து நெஞ்சில் கிடந்தது அன்று இறங்கியது.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார்வரை போனேன்.

“தமிழ் போயிடுச்சாம்மா?”

“போகேல்லை. எங்கேயோ நிக்குது. ஹொக்கியன் முந்தி வந்திட்டுது.”

“ஏன்?”

“தெரியாது.”

“தமிழ் வருமா?”

“தெரியாது.”

ஆஸ்பத்திரியில் எல்லாரும் வரும் வரும் என்றார்கள். அக்கா வராது என்றாள். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான். அதனால் நம்பினேன்.

தனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். ஓய்வுபெற்ற கிளார்க். அடிபட்ட பிறகு தமிழ் போய், ஆபீஸ் இங்கிலீஷ் மட்டும் நின்றது. அவர் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில் எழுந்ததும் “குட் மார்னிங் மேடம்” என்பாராம். மனைவி அழுதாளாம். பிறகு அவளும் குட் மார்னிங் சொல்லப் பழகிக்கொண்டாளாம்.

“இப்ப எப்படி?”

“ரெண்டு பேரும் மேடம், சார்” என்றார்.

நானும் அப்பேக்கிடம் போனேன். சாப்பிட்டாயா, வலிக்குதா, விசிறி போடவா, இப்படி வேண்டியதை ஹொக்கியனில் கற்றுக்கொண்டேன். என் உச்சரிப்புக்கு என் சம்சாரம் தலையில் அடித்துக்கொள்வாள், இடது கையால். அந்த வருஷம் எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசியது சீனம். ஃபெரியில் கூட இருந்தவர்கள், “என்னண்ணே, வீட்ல சாப்ஸ்டிக்கா?” என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காத நாளும் உண்டு. ஒரு வாரம் சீப்புப் படத்தைக் காட்டினார். அது ஹொக்கியனிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. என் சம்சாரம் தலையை வாரிக் காட்டினாள். வாயை அப்படியும் இப்படியும் வளைத்தாள். அழுதாள். எனக்கே அந்தச் சொல் தொண்டையில் நின்றது.

“சொல்லிடுங்களேம்மா! ஒரு சொல்லுதானே?”

அவர் தலையாட்டினார். முடியாது என்று.

சம்சாரம் அட்டையைப் பிடுங்கி வீசினாள். அது சாமி விளக்கில் பட்டு விழுந்தது. நான் கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு பெண்பிள்ளையிடம் நான் கத்தியது அது ஒன்றுதான். “நீங்க மனுஷியா? அழுறவளப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

அவர் எழுந்து காருக்குப் போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பி வந்தார். அட்டையைப் பொறுக்கினார்.

“நான் சொல்லிக் குடுத்தா அது என்ர சொல்லு” என்றார் என் சம்சாரத்திடம். என்னிடம் இல்லை. “எனக்கு உங்கட சொல்லு வேணும்.”

என் சம்சாரம் மூக்கைச் சிந்தினாள். அடுத்த அட்டை என்று கையைக் காட்டினாள்.

ஒரு தடவை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரைக் கூட்டிவந்தார். பெரிய மனிதர், சிவந்த முகம், வியர்வை. அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவரே இரண்டு பதில் சொன்னார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பாத்ரூம் போனபோது என் சம்சாரம் அவர் போன பக்கம் விரலைக் காட்டி, ‘உஷ்’ என்பதுபோல் விரலை வாயில் வைத்துக் காட்டினாள். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என்னையும் சோதித்தார். நோய் இல்லாதவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டுமாம். தெரிந்த மிருகத்தின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கோ என்றார். கையில் கடிகாரம்.

“மாடு” என்றேன். “நாய். கொரங்கு.”

அவர் காத்திருந்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“வேற மிருகம் தெரியாதோ?”

“தெரியும்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“அதெல்லாம் எங்க ஏரியால இல்ல.”

கட்டிலில் இருந்து என் சம்சாரம் ஏதோ சொன்னாள். ஹொக்கியன்தான். எனக்குப் புரிந்தது. புலியை ஃபெரியில் பார்த்தால்தான் சொல்வாயா என்றாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் எனக்கு வேலை இல்லை. அக்கா தன் வீட்டுக்குப் போயிருந்தாள். சம்சாரத்தைச் சன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். வெளியில் கொடியில் துணி காய்ந்தது. என் வேலைச் சட்டை, அவள் சேலை, போர்வை. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, சட்டென்று தூறல் போட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். கையால் கொடியைக் காட்டினாள்.

என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து போயிருக்கலாம். கால் கதவுப் பக்கம் போயும் விட்டது. அவள் உதடு குவிந்ததைப் பார்த்தேன். அது ஹொக்கியனுக்குக் குவிகிற மாதிரி இல்லை. நின்றுவிட்டேன்.

தூறல் மழையாயிற்று. அவள் கொடியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். முறைத்தாள். நான் அசையவில்லை. போர்வை கனத்துக் கொடி தொங்கியது. என் சட்டையில் இருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்கு முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மூடித் திறந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“துணி” என்றாள்.

நான் மூச்சு விடவில்லை.

“நனையுது.”

பிறகு நாற்காலிக் கையை இடது கையால் ஒரு அடி அடித்தாள்.

“எடுங்க!”

எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவே இல்லை. அவளும் அதை மறந்துவிட்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டு, கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்பேக் வீட்டம்மாவை அவளோடு உட்கார வைத்துவிட்டு, மழையிலேயே முனைக் கடைக்கு ஓடினேன். அங்கேதான் போன் இருந்தது. காசு போட்டேன். யுனிவர்சிட்டியில் யாரோ எடுத்து, அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

“ஓம், சொல்லுங்கோ” என்றார்.

எனக்குப் பேச வரவில்லை. வாயைத் திறந்தால் சத்தம்தான் வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். இன்னொரு காசு போட்டேன். அந்தப் பக்கம் அவர் ஹலோ என்று சொல்லவில்லை. என்ன, ஏது என்று கேட்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு காசு.

“பேசிட்டா” என்றேன். “தமிழு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். பேனா தேடுகிற சத்தம். மூக்கை உறிஞ்சிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

“நீங்க எடுத்துக் குடுக்கேல்லையே?”

“இல்ல. நான் வாயத் தொறக்கல.”

“எத்தினை சொல்லு?”

விரல் விட்டு எண்ணினேன்.

“மூணு.”